பேர் வேண்டாம், கேள்வியைச் சொல்லுங்க



ஓபியில் தினமும் நான் பார்க்கும் ஒரு காட்சி.

சீட்டு எழுதிக் கொடுத்து, அடுத்தவரைக் கூப்பிடும் நேரத்தில், கதவு வரை போனவர் திரும்பி வருவார்.

"சார்... இன்னொரு சந்தேகம்"

அவர் 2 மணி நேரம் வரிசையில் நின்றதே அந்த இன்னொரு சந்தேகத்துக்காகத்தான் இருக்கும். காய்ச்சல், முதுகுவலி எல்லாம் உள்ளே வருவதற்கான டிக்கெட், அவ்வளவுதான்.

வீட்டில் கேட்டால் திட்டு விழும். சொந்தக்காரரிடம் கேட்டால் ஊருக்கே தெரிந்துவிடும். அதனால்தான் முன்பின் தெரியாத ஒருவரைத் தேடி வருகிறார்கள்.

இது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. இதற்கு வழி செய்து கொடுத்த சிலரின் கதைதான் இன்றைய இழை.

1691 மார்ச், லண்டன்.

ஜான் டண்டன் என்று ஒரு புத்தக வியாபாரி. வாரம் 2 முறை வரும் ஒரு தாளை ஆரம்பிக்கிறார். 'அதீனியன் மெர்க்குரி' என்று பெயர். ஒரே தாள், முன்னும் பின்னும் அச்சு.

அதில் வந்த அறிவிப்பின் சாரம் இதுதான்: யாரும், எதைப் பற்றியும் கேட்கலாம். கடிதத்தை ஸ்டாக்ஸ் மார்க்கெட்டில் உள்ள ஸ்மித் காபி கடைக்கு அனுப்பினால் போதும். கேட்பவரின் பேர் வெளியே வராது.

1680-லேயே லண்டனுக்குள் ஒரு பென்னிக்குத் தபால் அனுப்பும் வசதி வந்திருந்தது. ஆகவே செலவும் குறைவு, வெட்கமும் இல்லை. கேள்விகள் குவிந்தன.

பதில் எழுதியது யார்?

டண்டன், கணிதம் தெரிந்த ரிச்சர்ட் சால்ட், பாதிரியார் சாமுவேல் வெஸ்லி. முக்கியமாக இந்த 3 பேர்தான். ஆனால் வெளியே காட்டிக்கொண்டது என்னவோ பெரிய அறிஞர் சபை மாதிரி. இந்த விஷயத்தில் இன்றைய யூடியூப் வைத்தியர்களுக்கு இவர்கள்தான் முன்னோடி 😄

காதல், கல்யாணம், மதம், மருத்துவம், இயற்கை என்று எல்லாம் கேட்டார்கள். குதிரையின் ஆசனவாய் வட்டமாக இருக்க, சாணம் மட்டும் ஏன் சதுரமாக விழுகிறது என்றுகூட ஒருவர் கேட்டிருக்கிறார்.

சில வாரங்களிலேயே ஒரு பெண்ணிடமிருந்து கடிதம். பெண்களும் கேட்கலாமா என்று.

தாராளமாகக் கேட்கலாம் என்று பதில் வந்தது. பெண்களின் கேள்விகளுக்கென்று தனி நாளும் ஒதுக்கினார்கள். 17-ஆம் நூற்றாண்டில் இது சின்ன விஷயம் இல்லை.

1697-ல் அந்தத் தாள் நின்றுபோனது. ஆனால் அந்த வடிவம் நிற்கவில்லை. நம்மூர் வார இதழ்களில் நாம் முதலில் புரட்டும் கேள்வி பதில் பக்கமும் அதே வகைதான்.

இதில் ஒரு குறை உண்டு. கடிதத்துக்குப் பதில் சொல்லலாம். ஆனால் எழுதியவரிடம் "வேற ஏதாவது மனசுல இருக்கா?" என்று திருப்பிக் கேட்க முடியாது.

அதைக் கேட்க ஒருவர் வருவதற்கு 262 வருடம் ஆனது.

1935. இங்கிலாந்தில் சாட் வரா என்ற இளம் பாதிரியார், தன் முதல் இறுதிச் சடங்கை நடத்துகிறார்.

இறந்தது 14 வயதுச் சிறுமி. முதல் முறை மாதவிடாய் வந்திருக்கிறது. தனக்குப் பால்வினை நோய் வந்துவிட்டதாக நினைத்து உயிரை விட்டுவிட்டாள்.

"இது எல்லாப் பெண்களுக்கும் வர்றதுதாம்மா" என்று சொல்ல ஒரு ஆள் இருந்திருந்தால் போதும். அவளுக்குக் கேட்க ஆள் இல்லை.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு முகம் ஞாபகம் வந்தது.

நான் பணியில் சேர்ந்த புதிது. வயிற்றுவலி என்று ஒரு பள்ளி மாணவி வந்தாள். பரிசோதித்துவிட்டு "ஒண்ணுமில்லம்மா, போயிட்டு வா" என்று அனுப்பிவிட்டேன். கதவருகே கொஞ்சம் நின்றாள். பின்னால் பெரிய வரிசை. நான் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து அத்தையோடு வந்தாள். சாதாரண வெள்ளைப்படுதல். அதைப் புற்றுநோய் என்று நினைத்து ஒரு மாதமாகப் பள்ளிக்கே போகவில்லை. அன்று நான் அரை நிமிடம் கொடுத்திருந்தால் அந்த ஒரு மாதம் மிச்சம்.

அவள் திரும்பி வந்தாள். எல்லோரும் திரும்பி வருவதில்லை.

சரி, லண்டனுக்கு வருவோம்.

அந்த ஸ்டாக்ஸ் மார்க்கெட்டைப் பிற்பாடு அப்புறப்படுத்தி, அங்கே லண்டன் மேயருக்கு மாளிகை கட்டினார்கள். மேன்ஷன் ஹவுஸ் என்று பெயர். அதற்குப் பின்னாலேயே ஒரு பழைய தேவாலயம். 1953-ல் அதன் பொறுப்புக்கு வந்தவர் இதே சாட் வரா.

சாக நினைப்பவர்கள் போன் செய்ய ஒரு எண்ணை அறிவித்தார். மேன்ஷன் ஹவுஸ் 9000.

1953 நவம்பர் 2, முதல் அழைப்பு வந்தது. டண்டனுக்குக் கடிதங்கள் வந்து சேர்ந்த அதே இடத்துக்குப் பக்கத்தில்.

நேரில் வந்தவர்களும் ஏராளம். வரா ஒருவரால் எல்லோரையும் பார்க்க முடியவில்லை. காத்திருந்தவர்களுக்கு டீ கொடுத்து, கூட உட்கார்ந்து பேச தன்னார்வலர்கள் வந்தார்கள்.

அங்கேதான் திருப்பம். அவர்களோடு பேசிய பலர், வராவைப் பார்க்காமலே மனம் தேறி வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள்!

பாதிரியாரின் அறிவுரையை விட, டீயோடு காது கொடுத்தவர்கள் அதிகம் உதவியிருக்கிறார்கள். வரா அதைக் கௌரவப் பிரச்சனையாக்கவில்லை. 1954 பிப்ரவரியில் வேலையை அவர்களிடமே ஒப்படைத்துவிட்டார். அந்த அமைப்புதான் 'சமாரிட்டன்ஸ்'.

அன்றைக்கு அங்கே தற்கொலை முயற்சி ஒரு குற்றம். 1961-ல்தான் அந்தச் சட்டம் போனது. பேர் கேட்காத போன் எவ்வளவு பெரிய நிம்மதி என்று யோசித்துப் பாருங்கள்.

நம்மிடமும் 309 என்ற சட்டப்பிரிவு இருந்தது. 2017 மனநலச் சட்டம் அதன் பல்லைப் பிடுங்கியது. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் அந்தப் பிரிவே இல்லை.

அந்தச் சட்டம் முழு பலத்தோடு இருந்த 1986-லேயே, சென்னையில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 'சினேகா'வைத் தொடங்கினார். அங்கும் காது கொடுப்பது தன்னார்வலர்கள்தான்.

இந்த வரலாற்றிலிருந்து நான் ஓபிக்கு எடுத்துக்கொண்டவை, உங்கள் வீட்டுக்கும் பயன்படும்:

✅ ஒருவர் கேள்வி கேட்டால் முடிக்கும் வரை குறுக்கே பேசாதீர்கள்

✅ முடித்ததும் "வேற ஏதாவது இருக்கா?" என்று கேளுங்கள். உண்மையான கேள்வி அநேகமாக அப்போதுதான் வரும்

✅ "இதுக்கெல்லாமா பயப்படுவாங்க" என்று சிரிக்காதீர்கள். அடுத்த முறை கேட்கவே மாட்டார்கள்

✅ சாகத் தோன்றுகிறது என்பது போல் ஜாடையாகப் பேசினால், நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. பேச வழிதான் கிடைக்கும்

✅ அவரைத் தனியே விடாமல் உதவி தேடுங்கள்

டெலி மானஸ்: 14416 (24 மணி நேரமும், தமிழிலும்)
சினேகா: 044-24640050

இப்போதெல்லாம் கதவு வரை போகும் வரை நான் காத்திருப்பதில்லை. சீட்டு எழுதும்போதே கேட்டுவிடுகிறேன்.

"வேற ஏதாவது கேக்கணுமா?"

வரிசை கொஞ்சம் மெதுவாகத்தான் நகர்கிறது. பரவாயில்லை.