லாக் என்றால் பூட்டு மட்டும்தானா? திண்டுக்கல்லில் இருந்து ஒரு சொல்லாராய்ச்சி

திண்டுக்கல்காரனிடம் ‘லாக்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் என்ன என்று கேட்டால், கேட்டவனை ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பான். மணப்பாறைக்கு முறுக்கு, திண்டுக்கல்லுக்குப் பூட்டு. இதில் ஆராய என்ன இருக்கு?

இருக்கு. வேலை நேரத்தில் ஒரு செயலியைத் தமிழாக்கும்போது ‘லாக்’ என்ற ஒரே சொல் பதினெட்டு இடத்தில் வந்தது. எல்லா இடத்திலும் ‘பூட்டு’ என்று போட்டுப் பார்த்தேன். பாதி இடத்தில் பொருந்தியது, பாதி இடத்தில் சிரிப்பு வந்தது. ஏன் என்று தோண்டியதில் கிடைத்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

ஆங்கில லாக்

பழைய ஆங்கிலத்தில் ‘லொக்’ என்றால் அடைப்பு, தாழ், அடைத்த இடம். ஜெர்மன் மொழியில் இதே வேரில் இருந்து வந்த ‘லோஹ்’ இன்று துளையைக் குறிக்கிறது. அடைத்த இடம், அடைபட்ட பொந்து, பிறகு துளை என்று பொருள் நகர்ந்திருக்கிறது. ஆக ஆங்கிலேயனுக்கு லாக் என்பதன் அடிப்படை ‘அடைத்தல்’.

இதை வைத்துக்கொண்டு பார்த்தால் பல கிளைகள் புரியும். கால்வாயில் படகை ஏற்றி இறக்க இரண்டு கதவுகளுக்கு நடுவே தண்ணீரை அடைத்து வைக்கும் அமைப்புக்கு லாக் என்று பெயர். நம்ம பக்கிங்ஹாம் கால்வாயிலும் இவை இருந்தன. காவல் நிலையத்தில் ஆளை அடைத்தால் லாக்கப். முதலாளி ஆலையை அடைத்தால் லாக்அவுட். இதற்குத் தமிழில் ‘கதவடைப்பு’ என்று தொழிற்சங்கங்கள் அழகாகச் சொல்கின்றன. 2020 மார்ச்சில் லாக்டவுன் வந்தபோது நம் பத்திரிகைகள் ‘ஊரடங்கு’, ‘பொதுமுடக்கம்’ என்றுதான் எழுதின. யாருக்கும் ‘பூட்டு’ என்ற சொல் தோன்றவில்லை என்பதைக் கவனியுங்கள்.

தலைமுடிக் கற்றைக்கும் லாக் என்பார்கள். ஆனால் அது வேறு வேரில் இருந்து வந்த சொல். எழுத்து ஒன்றாகிவிட்டது, அவ்வளவுதான்.

தமிழ்ப் பூட்டு

இப்ப நம்ம பக்கம் வருவோம். உண் என்பதில் இருந்து ஊட்டு, காண் என்பதில் இருந்து காட்டு வருவது போல, பூண் என்பதில் இருந்து பூட்டு. தான் அணிந்தால் பூணுதல், இன்னொன்றுக்கு அணிவித்தால் பூட்டுதல். அப்படியென்றால் தமிழில் பூட்டின் அடிப்படை அடைப்பது இல்லை, பிணைப்பது.

திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள சமவெளிக் கிராமங்களில் இன்றும் வயதானவர்கள் பேச்சில் இது தெளிவாகத் தெரியும். மாட்டை வண்டியில் பூட்டுவார்கள். சித்திரையில் நல்லேர் பூட்டுவார்கள். நுகத்தடியில் மாட்டின் கழுத்தைப் பிணைப்பது பூட்டாங்கயிறு. வளைகாப்பில் வளையல் பூட்டுவார்கள், குற்றவாளிக்கு விலங்கு பூட்டுவார்கள். கை உடம்போடு சேரும் மூட்டு தோள்பூட்டு. மல்லுக்கட்டில் எதிராளியின் கையை முறுக்கிப் பிடித்தால் பூட்டு, அதிலிருந்து விடுபட்டால் பிரிவு. இந்த ஒரு இடத்தில் ஆங்கிலமும் நம்மோடு ஒத்துப்போகிறது. மல்யுத்தப் பிடிக்கு அங்கேயும் லாக்தான்.

இலக்கணத்திலும் பூட்டு உண்டு. செய்யுளின் கடைசிச் சொல்லை முதல் சொல்லோடு சேர்த்துப் பொருள் கொள்வது பூட்டுவிற் பொருள்கோள். வில்லின் இரண்டு முனைகளையும் நாண் பிணைப்பது போல என்பதால் அந்தப் பெயர். நன்னூல் இதை விற்பூண் என்கிறது. பூணும் பூட்டும் ஒரே குடும்பம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சேலத்தில் பூட்டு முனியப்பன் கோயிலில் வேண்டுதலுக்குப் பூட்டு மாட்டுகிறார்கள். அங்கே அடைப்பதற்குக் கதவே இல்லை. வேண்டுதல் பிணைக்கப்படுகிறது, அவ்வளவுதான்.

அப்ப கதவை அடைக்க?

அதற்குத் தமிழில் தனிப் பட்டாளமே இருக்கிறது. சாத்துவது வேறு, அடைப்பது வேறு, தாழ் போடுவது வேறு, பூட்டுவது வேறு. கோட்டைக் கதவுக்குக் குறுக்கே போடும் பெருமரம் எழு, கணையம். வீட்டுக்குத் தாழ்ப்பாள், கொண்டி, நாதாங்கி, கொக்கி. திருக்குறள் அன்புடைமை அதிகாரத்தின் முதல் குறளிலேயே தாழ் வருகிறது, பூட்டு இல்லை.

திறக்கும் கருவியின் கதை இன்னும் சுவையானது. நாம் சொல்லும் ‘சாவி’ போர்ச்சுக்கீசிய ‘சாவெ’யில் இருந்து வந்தது. அதன் மூலம் லத்தீன். அலமாரி, ஜன்னல், மேசை எல்லாம் அதே கப்பலில் வந்தவைதான். ஏட்டுத் தமிழில் திறவுகோல். யாழ்ப்பாணத்தில் இன்றும் சாவிக்குத் ‘திறப்பு’ என்கிறார்கள். எங்க ஊர் பூட்டுக்குத் தமிழ்ப் பெயர், அதோடு சேர்த்து விற்கும் சாவிக்கு வெளிநாட்டுப் பெயர்!

கருவியும் கலப்புதான். திண்டுக்கல் பூட்டுகளின் உள்ளே இருப்பது லீவர் தகடுகள். ஒவ்வொரு தகட்டையும் சாவியின் பல் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் தாழ் நகரும். கூடினாலும் நகராது, குறைந்தாலும் நகராது. இந்த முறைக்கு 1778-ல் இங்கிலாந்தில் ராபர்ட் பாரன் காப்புரிமை வாங்கினார். எங்க ஊர் ஆச்சாரிகள் அந்த நுட்பத்தைக் கையால் வெட்டி, அரத்தால் ராவி, மாங்காய் வடிவக் கூட்டுக்குள் வைத்தார்கள். மாங்காய்ப் பூட்டு அப்படி வந்ததுதான். 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குள் அலிகாரின் இயந்திரப் பூட்டுகள் விலையில் முந்திவிட்டன, கைவேலைப் பட்டறைகள் குறைந்துவிட்டன.

இதெல்லாம் சொல் விளையாட்டா?

இல்லை. என் அத்தை ஒருவர் ஓய்வுப் பணத்தில் ஒரு பகுதியை வங்கியில் வைப்பு போட்டார். “அம்மா, வரி மிச்சமாகும், அஞ்சு வருஷம் லாக்கின்” என்றார்கள். அத்தை அதை லாக்கர் என்று எடுத்துக்கொண்டார். பத்திரமாகப் பூட்டி வைப்பார்கள், வேணும்னா திறந்து எடுத்துக்கலாம் என்று நினைத்தார். ஒன்றரை வருஷத்தில் கண் அறுவைக்குப் பணம் தேவைப்பட்டபோதுதான், வரிச்சலுகை வைப்பை ஐந்து வருஷத்துக்கு முன்னால் எடுக்கவே முடியாது என்று தெரிந்தது. வெளியே கடன் வாங்கிச் செய்தோம். “அஞ்சு வருஷத்துக்குத் தொட முடியாதும்மா, கட்டிப் போட்டுடுவோம்” என்று ஒரு வரி சொல்லியிருந்தால் அவர் கையெழுத்தே போட்டிருக்க மாட்டார்.

லாக்கர் என்பது அடைப்பு. உள்ளே இருப்பது உங்களுடையது, திறப்பும் உங்கள் கையில். லாக்கின் என்பது பிணைப்பு. பொருள் உங்களுடையது, ஆனால் காலத்தோடு கட்டியாச்சு. ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லில் மறைத்துவிடுகிறது. நம்மிடம் இரண்டுக்கும் சொல் இருக்கிறது, பயன்படுத்தத்தான் மாட்டேங்கிறோம்.

என் தொழிலிலும் இதே கதைதான். தரவுத்தளத்தில் ஒரு வரிசையை ‘லாக்’ செய்தால் அது கதவை அடைப்பது இல்லை. ஒரு வேலை முடியும்வரை அந்த வரிசை அந்த வேலையோடு பிணைக்கப்படுகிறது, மாட்டை ஏரில் பூட்டுவது போல. இங்கே ‘பூட்டு’ என்பது ஆங்கிலத்தைவிடப் பொருத்தமான சொல். இரண்டு வேலைகள் ஆளுக்கு ஒன்றைப் பூட்டிக்கொண்டு மற்றவருடையதற்காகக் காத்திருந்தால் டெட்லாக். அதற்கு ‘முட்டுக்கட்டை’ போதும். கணக்கு முடக்கப்பட்டால் ‘முடக்கம்’. திரை அணைந்து அடைபட்டால் ‘அடைப்பு’.

அதனால் நான் ஒரு எளிய விதி வைத்துக்கொண்டேன். லாக் வரும் இடத்திலெல்லாம் முதலில் ஒரு கேள்வி: இது அடைப்பா, பிணைப்பா? பிணைப்பு என்றால் பூட்டு, கட்டு. அடைப்பு என்றால் அடை, தாழ், முடக்கு. பதினெட்டில் ஏழு இடத்தில்தான் பூட்டு நின்றது.

உங்கள் ஊரில் தாழ்ப்பாளுக்கும் நாதாங்கிக்கும் வேறு பெயர் இருந்தால் எழுதுங்கள். குறிப்பாகப் பூட்டுப் பட்டறையில் வேலை பார்த்த குடும்பம் என்றால், உள்ளே இருக்கும் ஒவ்வொரு உறுப்பையும் தாத்தா என்ன பெயர் சொல்லி அழைத்தார் என்று கேட்டு எழுதுங்கள். புவிசார் குறியீடு பூட்டின் பெயரைக் காக்கும். பட்டறையில் புழங்கிய சொற்களை நாம்தான் எழுதி வைக்க வேண்டும்.