பிடரியில் படும் பார்வையும் கரக் சிங் வழக்கும்

நம்மைப் பின்னாலிருந்து ஒருவர் உற்றுநோக்கினால், திரும்பிப் பாராமலே அது நமக்குத் தெரிந்துவிடுமா? பிடரி குறுகுறுத்தது, திரும்பினேன், ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்று சொல்லாதவர் அரிது. இதை உளவியலாளர் ஆய்வுக்கூடத்தில் சோதித்தனர். தில்லியில் இதே ஐயம், வேறு வடிவில், ஒரு மனிதரின் விடுதலை பற்றிய வழக்காக எழுந்தது.

1898இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் டிட்சனர் எளிய விளக்கம் ஒன்றைத் தந்தார். முதுகுப்புறம் பற்றிய இயல்பான அமைதியின்மையால் நாம் திரும்புகிறோம். அந்த அசைவு பின்னால் இருப்பவரின் கண்ணை ஈர்க்கிறது. கண்கள் சந்தித்ததும், அவர் பார்த்ததால்தான் திரும்பினோம் என்று காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றிக்கொள்கிறோம். 1913இல் ஸ்டான்போர்டில் கூவர் நடத்திய சோதனையில், சரியான விடைகள் ஏறத்தாழப் பாதிதான். நாணயத்தைச் சுண்டியிருந்தாலும் அதே அளவுதான் கிடைத்திருக்கும். பார்வையைப் பிடரி அறிவதில்லை என்பதை நான் ஐயமின்றி ஏற்கிறேன். ஆனால் அதிலிருந்து என்ன முடிவுக்கு வருகிறோம் என்பதில்தான் சிக்கல்.

உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த கரக் சிங் 1941இல் ஒரு கொள்ளை வழக்கில் கைதாகி, சான்று இல்லாமையால் விடுவிக்கப்பட்டவர். ஆயினும் காவல்துறை அவர் பெயரில் சரித்திரப் பதிவேடு ஒன்றைத் திறந்தது. அம்மாநிலக் காவல் விதி 236, அத்தகையோரின் வீட்டருகே மறைந்திருந்து கண்காணிக்கவும், இரவில் வீட்டுக்கே சென்று பார்க்கவும், போக்குவரவைக் குறித்துவைக்கவும் இடமளித்தது. சௌக்கிதார்கள் இரவில் கதவைத் தட்டிக் கூவி எழுப்புகிறார்கள், ஊரை விட்டுச் செல்லும்போதெல்லாம் அறிவிக்க வேண்டியிருக்கிறது என்று அவர் உச்ச நீதிமன்றத்தில் முறையிட்டார்.

1962 டிசம்பர் 18 அன்று ஆறு நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. நால்வரின் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் இராஜகோபால ஐயங்கார். மாறுபட்ட தீர்ப்பை நீதிபதி ஷாவுக்கும் சேர்த்து எழுதியவர் சுப்பா ராவ். இருவரும் முன்னர் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகளாக இருந்தவர்கள் என்பது தமிழ் வாசகருக்கு ஒரு கூடுதல் செய்தி.

இரவு நேர வருகையைப் பெரும்பான்மை செல்லாததாக்கியது, எஞ்சியவற்றை நிலைக்கவிட்டது. மறைந்திருந்து கண்காணிப்பது பற்றி அது கூறியதன் சாரம் இது: மறைவு என்பதே கண்காணிக்கப்படுபவருக்குத் தெரியாமல் நடப்பது, எனவே அவருடைய நடமாட்டத்துக்குத் தடை ஏதுமில்லை. தெரியவந்து மனம் தயங்கினாலும், அரசியல் சாசனம் காக்கும் நடமாட்ட உரிமை உடல் சார்ந்தது. மனத்தில் விளையும் தயக்கம் அதில் அடங்காது. டிட்சனரின் முடிவை ஒருவர் சட்டமாக எழுதியிருந்தால் ஏறக்குறைய இப்படித்தான் இருந்திருக்கும்!

சுப்பா ராவ் இதை ஏற்கவில்லை. பின்தொடரப்படும் மனிதன் உடலால் நடக்கலாம். ஆனால் அது சுதந்திரமான நடமாட்டம் ஆகாது, மனத்தின் மீதான நெருக்குதலும் தளையே என்பது அவர் வாதம். விதி முழுவதையுமே அவர் செல்லாததாகக் கருதினார். கண்காணிப்பை உணர்வதற்குப் பிடரி தேவையில்லை என்பது அவருக்குப் புரிந்திருந்தது. பதிவேடு இருப்பதை அறிந்தவனுக்கு, தெருமுனையில் நிற்கும் அந்நியர் ஒவ்வொருவரும் காவலர்தான். ஒருவரும் நிற்காத நாளிலும் அவன் நடை மாறிவிடும்.

2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசுவாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்க உரிமையை அடிப்படை உரிமையாக அறிவித்தனர். அவ்வுரிமையை மறுத்த அளவில் 1962ஆம் ஆண்டுத் தீர்ப்பு தள்ளப்பட்டு, சுப்பா ராவின் கருத்து சரியெனக் கொள்ளப்பட்டது.

எனினும் இவ்வழக்கைப் படிக்கும் மாணவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கரக் சிங் தில்லிவரை வர முடிந்தது, சௌக்கிதார் கதவைத் தட்டியதால். அவர் வீட்டெதிரே யாரோ மறைந்திருந்து பார்த்ததோடு நின்றிருந்தால், அவரிடம் முறையிட ஒன்றும் இருந்திராது. நமக்குப் படிக்க ஒரு தீர்ப்பும் இருந்திராது. இன்றைய கண்காணிப்பு கதவைத் தட்டுவதில்லை. தாம் பார்க்கப்படுவதை அறியாதவர் எந்தச் சான்றைக் கொண்டு மனுத் தாக்கல் செய்வார்?