சாம்பல் மேல் எழுந்த செங்கல் வீடுகள்



வீடு எழுப்பக் கல்லும் சுண்ணாம்பும் மட்டும் போதா, கடனும் வேண்டும். ஆனால், கடன் எளிதிற் கிடைத்துக் கட்டட அறிவு குன்றினால் என்னாகும்? இலண்டன் மாநகரின் வரலாறு இதற்கு விடை பகர்கின்றது.

1666ஆம் ஆண்டு செப்டெம்பரில் மூண்ட பெருந்தீ, அங்கே 13,000க்கு மேற்பட்ட வீடுகளைச் சாம்பராக்கியது. மறு ஆண்டிலே பிறந்த சட்டம், புதிய வீடுகள் செங்கல்லாலோ கல்லாலோ அமைதல் வேண்டுமென விதித்தது. சுவரின் கனத்தையும் வரையறுத்தது.

அக்காலத்தே முன்வந்தவர் நிக்கலஸ் பார்பன். அவர் கற்றது மருத்துவம். கைக்கொண்டதோ மனை வணிகம். பெருங்குடியினரின் பழைய மாளிகை வளவுகளைப் பெற்று, தெருக்களாக வகுத்து, துண்டு துண்டாகத் தச்சருக்கும் கொத்தருக்கும் குத்தகைக்கு விட்டார். இத்தகைய குத்தகைகளில், வீடு முடியும்வரை பெயரளவான நிலவாடகையே வாங்குவது வழக்கம். ஆகவே, கைம்முதல் குறைந்த தொழிலாளரும் துணிந்து வீடு கட்டினர்.

1680களில் பார்பன் தீக்காப்புறுதியும் நடத்தினார். செங்கல் வீட்டுக்கு ஒரு பங்கு கட்டணமென்றால், மரவீட்டுக்கு இரு பங்கு. சுவரை அறிந்தே பணம் தன் விலையைக் கூறிற்று.

எனினும், வேகத்துக்கும் விலையுண்டு. மின்சிங் ஒழுங்கையில் அவர் கட்டிய நிலவறை வளைவுகள் இடிந்து வீழ்ந்தனவென்று, அவரை நேரில் அறிந்த ரொஜர் நோர்த் எழுதிவைத்தார். கடன்காரர் தொடர்ந்து நெருக்க வாழ்ந்த பார்பன், 1698இல் மறைந்தார்.

பிறர் பணத்தால் சுவரை உயர்த்தலாம், நேயர்களே. அத்திவாரத்துக்கு அறிவே வேண்டும்.