கண்டென்சர் ஒலிவாங்கி: பழுதறிதலும் செப்பனிடுதலும்

1916-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இ. சி. வென்டே உருவாக்கிய கண்டென்சர் ஒலிவாங்கி, மின்கடத்தும் மெல்லிய சவ்வும் அதன் பின்னே அசையாதிருக்கும் தகடும் சேர்ந்தமைந்த மின்தேக்கியின் கொள்ளளவு ஒலி அலைகளால் மாறுபடுவதை மின்சார அலைகளாக மாற்றும் சாதனமாகும். ஒலி அறவே எழாவிடில், கருவியைப் பிரிக்குமுன் கேபிளையும், கேபிள் வழியே வரும் பான்டம் மின்னூட்டத்தால் இயங்கும் வகையாயின் செருகியின் 2, 3-ஆம் முனைகளில் முதல் முனைக்கு எதிராக 48 வோல்ட் கிட்டுகிறதா என்பதையும் மீட்டரால் பரீட்சித்தல் வேண்டும். படபடவென்னும் இரைச்சலுக்குப் பெரும்பாலும் ஈரமே காரணம். நூறு கோடி ஓம் அளவான தடைகள் அமைந்த ஒலிவாங்கியின் மின்சுற்றில், விரல் பட்ட அழுக்கும் மின்கசிவுக்குப் பாதையாகிவிடும். அத்தடைகளின் சுற்றுப்புறத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து நன்கு உலர்த்தின், தோஷம் பெரும்பாலும் நிவர்த்தியாகும். சவ்வு கிழிந்திருப்பின், சவ்வும் தகடும் அடங்கிய காப்சூலையே மாற்றுதல் அவசியம். சவ்வை விரலால் தீண்டுதல் ஒருபோதும் ஆகாது.