தாய்மீது விழுந்த பழி

பெயர் சொல்லி அழைத்தும் குழந்தை திரும்பிப் பார்ப்பதில்லை. வேண்டிய பொருளை விரல் நீட்டிக் காட்டுவதில்லை. கற்ற சில சொற்களையும் மறந்துவிட்டது. இவற்றைப் பெரும்பாலும் முதலிற் காண்பவள் தாய். "நம் வளர்ப்பிலே பிழை நேர்ந்ததோ!" என்று நெஞ்சம் நடுங்குபவளும் அவளே. ஆட்டிசம் என்னும் இந்நிலைமையின் வரலாற்றை நாம் ஆராயப் புகின், அந்நடுக்கத்திற்குக் கற்றறிந்தோரே ஒரு காலத்தில் உரமிட்டனர் என்பது விளங்கும்.

அமெரிக்காவில், மிசிசிப்பி மாகாணத்து ஃபாரஸ்ட் என்னும் சிற்றூரில் டொனால்ட் டிரிப்ளெட் என்றொரு சிறுவன் இருந்தான். தனித்திருப்பதிலேயே அவன் மகிழ்ந்தான். வட்டப் பொருள்களைச் சுழற்றிக்கொண்டிருப்பதே அவனுக்கு விளையாட்டு. 1937-ஆம் ஆண்டில், நான்கு வயது நிரம்புமுன்னரே, மருத்துவர் சொற்படி அவனை ஒரு விடுதியில் விட்டனர். ஏறத்தாழ ஓராண்டு கழித்துப் பெற்றோரே அவனை மீட்டு வந்தனர். தந்தையார் தாம் கண்டவற்றையெல்லாம் 33 பக்கங்களில் எழுதி, பால்டிமோர் நகரில் குழந்தைகள் மனநல மருத்துவராக விளங்கிய லியோ கன்னருக்கு அனுப்பினார். 1943-இல் கன்னர் 11 குழந்தைகளைப் பற்றி வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் முதலிடம் பெற்றவன் டொனால்டே. ஆகவே, இத்துறை அறிவுக்கு வித்திட்டவற்றுள் ஒன்று பெற்றோரின் கூர்ந்த பார்வை என்பதை நாம் மறத்தலாகாது.

ஆயினும் நடந்தது யாது? இது பிறவியிலேயே அமைந்தது என்று 1943-இற் கூறிய கன்னர், பெற்றோரிற் பலர் அன்பின் வெம்மை குறைந்தவர் என்றும் குறித்தார். 1949-இல் எழுதிய கட்டுரையில், பனி உருகாத குளிர்ப்பெட்டியில் வைக்கப்பட்டவர்களுக்கு அக்குழந்தைகளை ஒப்பிட்டார். அதிலிருந்து 'குளிர்ப்பெட்டித் தாய்' என்னும் கொடுஞ்சொல் பரவிற்று. சிக்காகோவில் புரூனோ பெட்டல்ஹைம் 1967-இல் வெளியிட்ட நூலில், தன் குழந்தை இல்லாதிருத்தலே நன்றெனப் பெற்றோர் உள்ளத்தே எண்ணுவதுதான் நோய்க்குக் காரணம் என்னும் பொருள்பட வாதித்தார். பெற்றோரிடமிருந்து குழந்தையைப் பிரித்தலே மருந்தெனக் கருதப்பட்டது. துன்புற்ற தாயைத் தேற்றவேண்டிய கல்வி, அவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிற்று!

இப்பழியைத் துடைக்க முன்வந்தவரும் பெற்றோரே. இலண்டனில் 1962-இல் அவர்கள் ஒரு சங்கம் கண்டனர். 1965-இல் ஒரு பள்ளியும் தோன்றியது. அமெரிக்கக் கடற்படையில் உளவியலாளராகப் பணியாற்றிய பெர்னார்ட் ரிம்லாண்ட், ஆட்டிசம் உடைய மகனைப் பெற்றவர். அதே பெற்றோர் வளர்த்த உடன்பிறந்தார் பெரும்பாலும் இந்நிலைமையின்றி வளர்வானேன் என்று 1964-இல் எழுதிய நூலில் அவர் வினவினார். 1969-இல் பெற்றோர் கூடிய அவையிலே கன்னரும் அவர்கள்மேற் குற்றமில்லையென அறிவித்தார். 1977-இல் ஃபோல்ஸ்டைன், ரட்டர் என்னும் இருவர் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்தனர். ஒரே கருவினின்று பிரிந்த 11 இணைகளுள் 4-இல் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. ஏனைய 10 இணைகளுள் ஒன்றிலேனும் அவ்வாறில்லை. பரம்பரையின் பங்கு இதனாற் புலனாயிற்று.

பழி அத்துடன் ஓயவில்லை. 12 குழந்தைகளைக் கொண்டு 1998-இல் வெளிவந்த ஒரு கட்டுரை, தட்டம்மைத் தடுப்பூசியின்மேல் ஐயத்தைக் கிளப்பிற்று. 2010-இல் அவ்விதழே அதனைத் திரும்பப் பெற்றது. எனினும், ஊசி போடுவித்த தாய்மாரின் உள்ளத்தில் ஐயம் எஞ்சியது.

'முன்வினை', 'திருஷ்டி', 'தாயின் கவனக்குறைவு' என்று வாய்க்கு வந்தபடி பேசுவோர் நம்மிடையேயும் உளர். மேனாட்டு அறிஞர் செய்த தவற்றையே அவர்கள் வேறு மொழியிற் செய்கின்றனர். அன்னையரே! ஐயம் தோன்றின் அதனை மறைக்கவேண்டா. "ஆண் குழந்தை தாமதமாகத்தான் பேசும்" என்னும் ஆறுதலை நம்பி ஆண்டுகளைப் போக்கவும் வேண்டா. கண்டதைத் தேதியிட்டு எழுதி, குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். ஆட்டிசமோ அன்றோ என்பதை ஆய்ந்து கூறுவது அவர் கடன். உற்று நோக்குவது உங்கள் உரிமை.

டொனால்ட் கல்லூரியிற் கற்று, வங்கியிற் பணிபுரிந்து, உலகம் சுற்றி வந்து, 2023-இல் 89-ஆம் வயதில் மறைந்தார். அவரை விடுதியிலேயே விட்டிருந்தால் இவ்வாழ்வு வாய்த்திருக்குமா என்பதை நேயர்களே எண்ணிப் பார்ப்பாராக.