காலம் சேராத குடியிருப்பு: கீழ்புத்துப்பட்டு முகாமும் உடைமை உரிமையும்

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் போகிறவர்கள் கீழ்புத்துப்பட்டில் வண்டியை நிறுத்துவது பெரும்பாலும் மஞ்சனீஸ்வரர் அய்யனாரைக் கும்பிடத்தான். மண் குதிரைகள், மொட்டையடித்து அழும் குழந்தைகள், பொங்கல் அடுப்புப் புகை, அதையொட்டி உச்சி வெயிலும் தரைக்கு இறங்காத காடு. அதே ஊரில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றும் இருக்கிறது. இன்னும் வடக்கே போனால் மரக்காணம் உப்பளம்.

முகாம் மக்களுக்குச் சொத்து இல்லாததை வறுமையின் விளைவு என்று ஒரு சாரார் எழுதுகிறார்கள். குடியுரிமைச் சிக்கல் என்று மறு சாரார். இரண்டும் உண்மைதான், ஆனால் போதா. சொத்துரிமை என்பது பெரும்பாலும் காலக் கணக்கு. ஒருவர் ஓரிடத்தில் இருந்த ஆண்டுகளைச் சட்டம் எண்ணுகிறதா, எண்ணினால் யார் பக்கம் வரவு வைக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முகாம்வாசிகள் இங்கே இருந்த காலம் எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை. இலங்கையில் சொந்த ஊரில் இல்லாத காலமோ அங்கே அவர்களுக்கு எதிராகப் பற்று எழுதப்பட்டது.

முதலில் அய்யனார். இந்துக் கோயில் தெய்வம் சொத்து வைத்திருக்கத்தக்க சட்டப்பூர்வ ஆள் என்பது பிரிவி கவுன்சில் 1925இல் உறுதி செய்த, இன்றும் நிற்கிற கோட்பாடு. தெய்வம் என்றும் மைனர். சார்பில் வழக்காட மனிதர் வேண்டும். இங்குள்ள காடு உலர் பசுமைமாறா வகையைச் சேர்ந்தது. சோழமண்டலக் கரையில் துண்டு துண்டாக மிஞ்சியிருக்கும் இவ்வகைக் காடுகளில் புத்துப்பட்டுக் காடு புதுவைத் தாவரவியலாளர்கள் விரிவாக ஆராய்ந்தவற்றுள் ஒன்று. சாமி காட்டில் கோடரி வைக்கக் கூடாது என்ற அச்சம் அதைக் காத்தது. இங்கே நெடுங்காலம் என்பதே ஆவணம். இந்தக் கோயில் என்று வந்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதுதான் அதன் பலம்.

உப்பளத்தின் கணக்கு வேறு. மரக்காணத்தில் 3,000 ஏக்கருக்கு மேல் விரிந்த அளங்கள் அரசு நிலம்; உற்பத்தியாளர்கள் குத்தகைதாரர்கள். பாத்தியில் கால் வெடிக்க நின்று உப்பு வாருகிற பெண்ணுக்கு அதில் கூலி மட்டும் உண்டு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது மயிலத்தில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அளங்கள் வெள்ளத்தில் மூழ்கின. ஆனாலும் அந்தப் பெண்ணுக்கு ஊரில் ஒரு குடிசை மனை இருக்கலாம். அது நத்தமாக இருந்தால் பட்டா கேட்கலாம். புறம்போக்காக இருந்தால் 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின்படி ‘பி மெமோ’ வரும். ஆக்கிரமிப்பாளர் என்று குற்றம் சாட்டும் அந்தத் தாளைத் தமிழகக் கிராமத்தார் பத்திரப்படுத்தி வைப்பார்கள். பிற்பாடு பட்டாவுக்கு மனுச் செய்யும்போது, இத்தனை ஆண்டு இங்கேதான் இருக்கிறோம் என்பதற்கு அதுவே சாட்சி. தண்டனை நோட்டீசு அனுபோகச் சான்றாக மாறுவது நம் வருவாய்த் துறையின் விசித்திரங்களில் ஒன்று. அதில் ஒரு கருணையும் ஒளிந்திருக்கிறது.

முகாம்வாசிக்கு அந்தத் தாளும் கிடையாது. அவர் ஆக்கிரமிக்கவில்லை, அரசே கொண்டுவந்து வைத்தது. 1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி தனியார் நிலத்தில் 12 ஆண்டும் அரசு நிலத்தில் 30 ஆண்டும் எதிரிடை அனுபோகத்தில் இருந்தவர் உரிமை கோரலாம். உடையவர் இசைவோடு இருக்கும் இருப்பு எத்தனை ஆண்டானாலும் எதிரிடை ஆகாது. சட்டத்தை மீறிக் குடிசை போட்டவருக்குக் காலம் துணை நிற்கிறது. சொன்ன இடத்தில், பத்துக்குப் பத்து அறையில், அதிகாரிகளின் ‘செக்கிங்’ நாளில் தவறாமல் ஆஜராகி வாழ்ந்தவருக்கு அது துணை வருவதில்லை.

சரி, காலம் வேண்டாம், காசு கொடுத்து வாங்கலாமே என்றால் அங்கும் கதவு சாத்தியிருக்கிறது. அந்நியச் செலாவணி விதிகள்படி இலங்கை உள்ளிட்ட சில நாடுகளின் குடிமக்கள் ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாமல் இந்தியாவில் அசையாச் சொத்து வாங்க முடியாது. ஐந்து ஆண்டுக்கு மேற்படாத குத்தகை மட்டும் எடுக்கலாம். பெயிண்டிங் வேலைக்குப் போய்ச் சிறுகச் சேர்த்த பணத்தில் நம்பிக்கையான உள்ளூர்க்காரர் பெயரில் இரண்டு சென்ட் வாங்கிப் போடுவது ஒரு வழி. நட்பு முறிந்தால், அல்லது நண்பர் இறந்து அவர் பிள்ளைகள் வந்தால், 1988ஆம் ஆண்டு பினாமிச் சட்டம் அந்த மனையைக் கேட்டு வழக்குத் தொடரவே விடாது.

ஒரே குடும்பத்துக்குள் இந்தக் கோடு எப்படி விழுகிறது என்று பார்க்கலாம். குடியுரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவுப்படி 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராயினும், பிறப்பால் குடிமகன். அதற்குப் பின் பிறந்தவரானால் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். 1983 கலவரத்துக்குப் பின் ஓடிவந்த ஒரு தம்பதிக்கு 1986இல் ஒரு மகளும் 1988இல் ஒரு மகனும் முகாமிலேயே பிறந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். சட்டப்படி அக்காள் நாளையே மரக்காணம் சார்பதிவாளர் அலுவலகத்தில் தன் பெயரில் மனை பதியலாம். தம்பியால் முடியாது. இது வெறும் கற்பனைக் கணக்கல்ல: மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு வழங்கச் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2022இல் உத்தரவிட்டது, 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார்.

இனி கடலுக்கு அப்பால். வட மாகாணத் தமிழருக்கு உரிய தேசவழமையை டச்சுக்காரர்கள் 1707இல் தொகுத்தார்கள். முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்து வந்த வழியைப் பார்த்துப் பங்கு பிரிக்கும் சட்டம் அது. அங்கே நிலத்துக்குக் காணி என்று பெயர், வீடு நிற்கும் அடைப்புக்கு வளவு, நாம் பத்திரம் என்பது அவர்களுக்கு உறுதி. ‘காணி’ என்ற சொல்லின் பயணம் தனிக்கட்டுரைக்கு உரியது. சோழர் கல்வெட்டுகளில் அது வழிவழி வரும் உரிமை. தொண்டைமண்டலத்தில் காணியாட்சியாக, மிராசாக நீடித்த அந்த உரிமையைப் பற்றி ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் 1818இல் நூலே எழுதினார். இன்று வட தமிழகத்தில் காணி என்றால் 1.32 ஏக்கர், வெறும் அளவை. உரிமை என்ற பழைய பொருளின் வாசனையோடு அச்சொல்லைப் பேசுகிறவர்கள் இந்தக் கரையில் முகாமில்தான் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு சென்ட் நிலமும் இல்லை.

இலங்கையின் 1871ஆம் ஆண்டு 22ஆம் இலக்கக் காலாவதிச் சட்டப்படி, பத்து ஆண்டு தடையின்றி எதிரிடையாக ஆண்டவருக்குக் காணி சொந்தமாகலாம். போரில் ஓடிவந்தவரின் வளவில் வேறொருவர் குடியேறினால் இந்தப் பத்து ஆண்டு ஓடத் தொடங்கிவிடும். 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையிலான காலத்தை, போரால் உரிமையைத் தொடர முடியாமல் போனவருக்கு எதிராக எண்ணக் கூடாது என்றது. நல்ல சட்டம், தாமதமாக வந்தது. 2009க்குப் பிந்தைய ஆண்டுகளையும் முகாமில் கழித்தவரை அது காக்காது.

முகாம்வாசிகள் எல்லாருக்கும் இப்படி இழக்க ஒரு முதுசம் இருந்ததா என்றால், இல்லை. தேசவழமையை முன்வைத்துப் பேசும்போது நாம் வசதியாக மறப்பது மலையக வேர் உள்ளவர்களை. இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் தலைகளை எண்ணிப் பங்கு போட்டது. தோட்டத்து லயத்தில் ஓர் அறை, கலவரத்துக்குத் தப்பி வன்னியில் காடு வெட்டித் திருத்திய துண்டு நிலம், பிறகு தமிழக முகாமில் ஓர் அறை. தாத்தா, தகப்பன், பேரன் மூவருமே உழைத்த மண் ஒன்றிலும் பெயர் எழுதவில்லை. இந்திய வம்சாவளியினரான இத்தகையோரின் குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலிக்கும்படி 2019 ஜூனில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அளித்த தீர்ப்பு அவர்களது நூற்றாண்டுக் கால அலைவைக் கணக்கில் எடுத்தது. அதே ஆண்டு இறுதியில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் இலங்கையைப் பட்டியலில் சேர்க்கவே இல்லை.

நிலத்தைக் குடிமக்களுக்கே என்று ஒதுக்குவது இந்தியாவின் தனிப்பழக்கம் அல்ல. இந்தோனேசியாவின் 1960ஆம் ஆண்டு அடிப்படை வேளாண் சட்டமும் முழு உடைமையைக் குடிமக்களுக்கு மட்டுமே தருகிறது. ஆனால் அந்நாட்டில் வசிக்கும் அயலாருக்குப் ‘பயன்பாட்டு உரிமை’ என்று பதியத்தக்க ஓர் இடைநிலை உரிமை உண்டு. நம்மிடம் அப்படியோர் இடைப்படி இருந்தால் முகாம் வீடுகளுக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. மனையை விற்க வேண்டாம், அடகு வைக்க வேண்டாம். வசிக்கும் உரிமை பெயரோடு பதிவாகட்டும், பிள்ளைக்கு இறங்கட்டும். ஐந்து ஆண்டுக் குத்தகையை விதிகளே அனுமதிக்கின்றன. தொடக்கத்துக்கு அது போதும்.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு ரூ.317.40 கோடித் திட்டத்தை அறிவித்தது. முகாம்களில் சிதிலமடைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டுவது அதில் முதன்மையானது. அகதிகள் முகாம் என்ற பெயரும் மறுவாழ்வு முகாம் என்று மாறியது. அறிவிப்பின்போது 108 முகாம்களில் 58,822 பேர் இருந்தார்கள். தார்ப்பாயும் தகரமும் ஒட்டுப்போட்ட அறைகளில் பல பத்தாண்டு கழித்தவர்களுக்குக் கான்கிரீட் கூரை சிறிய பேறு அல்ல. 2025 செப்டம்பரில் மத்திய அரசு, 2015 ஜனவரி 9க்கு முன் தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குக் கடவுச்சீட்டு, விசா இல்லாமை குறித்த தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கு அளித்தது. இங்கே இருப்பது குற்றமில்லை என்ற அளவுக்கு வந்திருக்கிறோம்.

குடும்பத் தலைவர் இறந்தால் பதிவேட்டில் பெயர் அடிக்கப்படும். தலைவருக்குரிய மாதம் 1,500 ரூபாய் பணக்கொடை அடுத்தவர் பெயருக்கு மாறும். வீட்டின் எண் மாறாது. அது யாருக்கு இறங்கியது என்று கேட்க எந்த அலுவலகத்திலும் ஒரு படிவம் இல்லை.