விளையாட்டு நின்றால் குற்றவாளி யார்? – வீட்டுக் கணினியின் வரலாற்றில் ஒரு பக்கம்



சில வாரங்களுக்கு முன் என் மாணவன் ஒருவனின் தந்தையார் பள்ளிக்கு வந்திருந்தார். "வீட்டிலுள்ள பழைய கணினி பாதியில் நின்றுவிடுகிறது, டீச்சர். இணைய விளையாட்டு ஆடி ஆடியே கெடுத்துவிட்டான். புதிது வாங்க இப்போது வசதியில்லை. தமிழ்ப் பயிற்சியையும் அதில்தான் செய்கிறான்" என்றார். மகன் அருகில் தலைகுனிந்து நின்றான்.

அந்தக் காட்சி எனக்குப் புதியதன்று. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் ஜாலான் புசாரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் என் தம்பியும் அப்படித்தான் நின்றான். விளையாட்டின் நடுவே கணினி நின்றுபோவதற்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் சிங்கப்பூருக்கும் ஓர் இடம் உண்டு. அதை அறிந்துகொண்டால் பிள்ளைகளைக் குற்றம் சாட்டும் முன் சற்றே தயங்குவோம் என்பதால் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

ஒரே எண்ணுக்கு இருவர்

1981ஆம் ஆண்டு ஐபிஎம் நிறுவனம் தன் தனிநபர் கணினியை வெளியிட்டது. அதே ஆண்டில் சிங்கப்பூரில் தேசியக் கணினி வாரியம் அமைந்தது. அதே ஆண்டில்தான் சிம் வோங் ஹூ என்னும் இளைஞர், சைனாடவுனின் பேர்ல்ஸ் சென்டர் கட்டடத்தில் கணினி பழுதுபார்க்கும் சிறு கடை ஒன்றைத் தொடங்கினார். அக்கடையே கிரியேட்டிவ் டெக்னாலஜி நிறுவனமாக வளர்ந்தது. 1989இல் அது வெளியிட்ட 'சவுண்ட் பிளாஸ்டர்' ஒலி அட்டை உலகெங்கும் விற்பனையானது. அதுவரை பெரும்பாலும் 'பீப்' என்று மட்டுமே ஒலித்துவந்த ஐபிஎம் வகை வீட்டுக் கணினிகள் பல இசையும் பேச்சும் எழுப்பத் தொடங்கின. 2023இல் சிம் வோங் ஹூ மறைந்தபோது என் தலைமுறையினர் பலர் நினைத்துக்கொண்டது அந்த அட்டையைத்தான்.

ஆனால் ஒலியோடு ஒரு புதுச் சிக்கலும் வந்தது. கணினியில் உள்ள ஒவ்வொரு கருவியும் செயலியின் கவனத்தை ஈர்க்க ஒரு குறுக்கீட்டு எண் வேண்டும். வகுப்பறையில் மாணவர்களுக்கு எண் கொடுத்து, எண்ணைச் சொல்லிக் கை தூக்கச் சொல்வது போன்றது இது. தொடக்கக்கால சவுண்ட் பிளாஸ்டருக்கு ஆலையிலேயே 7ஆம் எண் தரப்பட்டிருந்தது. அச்சுப்பொறி இணைப்புக்கும் வழக்கமாக அதே 7தான். ஒரே எண்ணைச் சொல்லி இருவர் கை தூக்கினால் ஆசிரியர் யாருக்கு மறுமொழி சொல்வார்? பின்னாளில் ஒலி அட்டைக்கு 5ஆம் எண் வழக்கமாயிற்று. விளையாட்டு அமைப்பில் எண்ணைத் தவறாகக் கொடுத்தால் ஒரே ஒலித்துண்டு திரும்பத் திரும்ப ஒலிக்கும். அல்லது திரை உறைந்துவிடும். "ஏ220 ஐ5 டி1" என்ற வரியை வாய்ப்பாடு போல் மனனம் செய்த பிள்ளைகள் அக்காலத்தில் ஏராளம்.

அக்காலச் சிக்கல்களில் மற்றொன்று நினைவகம். டாஸ் விளையாட்டுகள் முதல் 640 கிலோபைட் இடத்திற்குள் அடங்கித் தொடங்க வேண்டியிருந்தது. கணினியில் 4 மெகாபைட் இருந்தாலும், அந்த முதற்பகுதியில் சுட்டியின் இயக்கியும் குறுவட்டின் இயக்கியும் இடம் பிடித்துக்கொண்டால் விளையாட்டு திறக்காது.

சிங்கக் கதையும் அழுத குழந்தைகளும்

1994ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் காலத்தில் அமெரிக்காவில் டிஸ்னி நிறுவனத்தின் 'லயன் கிங்' கதைக் குறுவட்டு குழந்தைகளுக்குப் பரிசாக வழங்கப்பட்டது. பண்டிகையன்று குறுவட்டை இட்ட வீடுகள் பலவற்றில், குறிப்பாக காம்பேக் பிரசாரியோ கணினி இருந்த வீடுகளில், கதை ஓடாமல் கணினி முடங்கியது. திரை அட்டையின் இயக்கியும் அக்குறுவட்டு நம்பியிருந்த மென்பொருளும் ஒத்துப்போகவில்லை. உதவி கேட்டு வந்த தொலைபேசி அழைப்புகளை டிஸ்னியால் சமாளிக்க முடியவில்லை.

அந்தப் பிள்ளைகள் யாரும் கணினியைக் கெடுக்கவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். பிழை இயக்கியில் இருந்தது. இத்தகைய அனுபவங்களின் விளைவாக, மைக்ரோசாஃப்டில் பணியாற்றிய அலெக்ஸ் செயின்ட் ஜான், கிரேக் ஐஸ்லர், எரிக் எங்ஸ்ட்ராம் ஆகிய மூவர் 'டைரக்ட்எக்ஸ்' என்னும் பொது இடைமுகத்தை உருவாக்கினர். அது 1995இல் வெளிவந்தது. அதன் பின் விளையாட்டுகள் ஒவ்வொரு அட்டையின் மொழியையும் தனித்தனியே கற்க வேண்டியதில்லை. மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இடையில் வந்துவிட்டார். எனினும் மொழிபெயர்ப்பாளர் சொல்வதை அட்டைக்குக் கொண்டுசேர்க்கும் இயக்கி பழையதானால் தொல்லை தொடரவே செய்தது.

தமிழ் வந்தது, விளையாட்டு நின்றது

தமிழாசிரியர்களாகிய நமக்கு இவ்வரலாற்றில் தனிப்பட்ட ஒரு பங்கும் உண்டு. விண்டோஸ் 98இல் ஒருங்குறித் தமிழுக்கு முறையான ஆதரவு இல்லை. தனித்தனிக் குறியாக்கங்களையும் எழுத்துருக்களையும் வைத்துத் தடுமாறினோம். 2000இல் வந்த விண்டோஸ் 2000, 2001இல் வந்த எக்ஸ்பி ஆகியவை ஒருங்குறித் தமிழைத் தம்முள்ளேயே கொண்டு வந்தன. தமிழுக்காக இயங்குதளத்தை மாற்றிய வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று.

ஆனால் இவ்விரு தளங்களும் வன்பொருளை நேரடியாகத் தொட எந்த விளையாட்டையும் அனுமதிக்கவில்லை. ஆகவே பழைய டாஸ் விளையாட்டுகள் பல ஊமையாயின. சில திறக்கவே மறுத்தன. தமிழ் எழுத்து திரையில் அழகாகத் தெரிந்த அன்றே தம்பியின் விளையாட்டுகள் நின்றுபோயின. அவன் என்மீது கொண்ட கோபம் நியாயமானதே.

சாமி மேடையின் அருகே

2005இல் 'மேப்பிள்ஸ்டோரி' இணைய விளையாட்டு இவ்வட்டாரத்திற்கெனத் தொடங்கப்பட்டபோது, சிங்கப்பூர்ப் பிள்ளைகள் பலரைப் போல் தம்பியும் அதில் மூழ்கினான். மறு ஆண்டு, நான் தேசியக் கல்விக் கழகத்தில் ஆசிரியர் பயிற்சியில் இருந்த சமயம், எங்கள் பெண்டியம் 4 கணினி நின்றுபோகத் தொடங்கியது. "விளையாட்டால் வந்த வினை" என்றார் அப்பா. ஒரு கடைக்காரர் தாய்ப்பலகை போய்விட்டது, புதிது வாங்குங்கள் என்றார். அப்பாவின் ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி அதற்குத் தேவைப்பட்டது.

தம்பி ஒரு பயிற்சிப் புத்தகத்தை எடுத்துக் கணினி நிற்கும் நேரங்களைக் குறித்தான். காலையில் 50 நிமிடம் தாங்கியது. பிற்பகலில் 15 நிமிடம். விளையாடாமல் நீண்ட காணொளி பார்த்தாலும் பிற்பகலில் நின்றது. விளையாட்டு குற்றவாளியன்று, வெப்பமே குற்றவாளி என்பது அப்போது விளங்கியது. பெண்டியம் 4 சூடு மிகுந்தால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மேலும் ஏறினால் நின்றுவிடும். பெட்டியைத் திறந்தோம். கணினி சாமி மேடையின் பக்கத்தில் இருந்தது. ஊதுவத்திச் சாம்பலும் சாம்பிராணிப் புகையும் வீட்டுத் தூசியோடு சேர்ந்து விசிறியின் அடியில் கம்பளி போல் படிந்திருந்தன. தூரிகையால் துடைத்து, ஜாலான் புசார் 10ஆம் எண்ணில் உள்ள சிம் லிம் டவரில் வாங்கிய வெப்பப் பசையைத் தடவினோம். அக்கணினி மேலும் சில ஆண்டுகள் உழைத்தது.

அப்பா எதுவும் சொல்லவில்லை. ஆனால் கணினியை மேடையிலிருந்து நகர்த்தி வைத்தவர் அவரே.

சோதிக்கும் முறை

மேற்கூறிய ஒவ்வொரு காலத்திலும் பிழையின் இடம் மாறியது. கண்டுபிடிக்கும் முறை மாறவில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றியதை எழுதி வைக்க வேண்டும்.

முதலில், விளையாட்டு மட்டும் மூடிக்கொள்கிறதா, கணினியே நிற்கிறதா, இணைப்பு மட்டும் அறுகிறதா என்று பிரித்தறிக. இணைப்பு அறுந்தால் கணினியை நோக வேண்டாம். விளையாட்டு மட்டும் மூடினால் திரை அட்டையின் இயக்கியையும் அண்மையில் வந்த புதுப்பிப்பையும் பார்க்க. கணினியே நின்றால் வெப்பம், மின்வழங்கி, நினைவகம் ஆகியவற்றை வரிசையாகச் சோதிக்க. நினைவகத்திற்கு 1994 முதல் வழக்கிலுள்ள மெம்டெஸ்ட்86 போதும். 2000களின் தொடக்கத்தில் தயாரான தாய்ப்பலகைகள் பலவற்றில் தரமற்ற மின்தேக்கிகள் தலை வீங்கிப் பழுதாயின. அதைக் கண்ணாலேயே காணலாம். மின்கம்பியைப் பிடுங்கிய பிறகே பெட்டியைத் திறக்க வேண்டும். மின்வழங்கியின் உட்பெட்டியை எக்காரணம் கொண்டும் பிள்ளைகள் திறக்கலாகாது.

இம்முறையைத்தான் அந்த மாணவனிடமும் அவன் தந்தையாரிடமும் கூறினேன். இரு வாரம் கழித்து மாணவன் அட்டவணையோடு வந்தான். விளையாட்டின் ஒரு புதுப்பிப்புக்குப் பிறகே அது மூடிக்கொள்கிறது. அவர்கள் கணினியின் திரைச் சில்லை விளையாட்டு இனி ஆதரிக்கவில்லை. அவ்விளையாட்டு அந்தக் கணினியில் ஓடப்போவதில்லை. ஆனால் கணினி நலமாகவே இருக்கிறது. தமிழ்ப் பயிற்சி தடையின்றி நடக்கிறது. "இவன் கெடுக்கவில்லை, டீச்சர்" என்று தந்தையார் கைப்பேசியில் ஒரு வரி அனுப்பியிருந்தார்.

பழைய பாகங்கள் கிடைத்த சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலை 10ஆம் நாளோடு மூடப்பட்டது. இன்றைய பிள்ளைகளின் கருவிகள் பலவற்றைத் திறக்கவும் இயலாது. ஆயினும் ஒரு குறிப்பேடும் பென்சிலும் இன்றும் கடையில் கிடைக்கின்றன. அடுத்த முறை உங்கள் வீட்டுத் திரை உறைந்தால், பிள்ளையைத் திட்டுவதற்கு முன் அவ்விரண்டையும் அவன் கையில் கொடுத்துப் பாருங்கள்.